இந்தியக் குடியுரிமையைக் கைவிட்டால் கிடைப்பது என்ன, போவது என்ன? - தாம்பரம் முதல் நியூஜெர்சி வரை ஒரு கணக்கு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் பக்கம் எந்த அபார்ட்மென்ட்டுக்குப் போனாலும் ‘பையன் அமெரிக்காவுல, பொண்ணு சிங்கப்பூர்ல’ என்று சொல்லும் பெற்றோரைப் பார்க்கலாம். அந்த வீடுகளின் வீடியோ கால்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: ‘சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணட்டுமா, வேண்டாமா?’

தனிப்பட்ட குடும்ப விஷயம் போலத் தெரிந்தாலும், எண்ணிக்கை பெரிது. வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, 2011-ல் 1,22,819 பேர் இந்தியக் குடியுரிமையைக் கைவிட்டார்கள். கொரோனா ஆண்டான 2020-ல் இது 85,256 ஆகக் குறைந்தது. 2022-ல் 2,25,620 ஆக உயர்ந்தது. 2023-ல் 2,16,219 பேர், 2024-ல் 2,06,378 பேர். 2011 முதல் 2024 வரை மொத்தம் சுமார் 20.86 லட்சம் பேர்.

‘நாட்டுப்பற்று இல்லாதவர்கள்’ என்று ஒரு பக்கம் திட்டுகிறார்கள். ‘ஓசிஐ கார்டு இருந்தா போதும், எல்லாம் பழையபடிதான்’ என்று இன்னொரு பக்கம் சமாதானம் சொல்கிறார்கள். இரண்டுமே விஷயத்தைச் சரியாகச் சொல்லவில்லை. இந்த முடிவில் கை மாறுவது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. குடியுரிமைச் சட்டம் 1955-ல் இரண்டு பிரிவுகள் முக்கியம்.

பிரிவு 8: ஒருவர் தானாகவே முன்வந்து, ‘எனக்கு இந்தியக் குடியுரிமை வேண்டாம்’ என்று முறைப்படி அறிவித்துக் கைவிடுவது.

பிரிவு 9: ஒருவர் விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடும். கடிதம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதுதான் நிலை.

பெரும்பாலானோர் இரண்டாவது வகை. அமெரிக்காவில் உறுதிமொழி எடுத்த அன்றே சட்டப்படி அவர் இந்தியர் இல்லை. பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருஷம் மீதி இருக்கலாம், அது செல்லாது.

‘அந்த நாடு ரெண்டையும் வச்சுக்கலாம்னு சொல்லுதே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அமெரிக்கா இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. ஜெர்மனியும் 2024 ஜூன் 27 முதல் அனுமதிக்கிறது. ஆனால் தடை இருப்பது இந்தியப் பக்கம். இலங்கையில் 1987 முதல் இரட்டைக் குடியுரிமைக்கு வழி இருப்பதால், டொரான்டோவில் வாழும் இலங்கைத் தமிழர் விண்ணப்பித்து இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும். பக்கத்து வீட்டில் வாழும் தமிழ்நாட்டுத் தமிழருக்கு அந்த வசதி இல்லை.

யாருக்கு இந்தக் கேள்வி வருகிறது?

ஹெச்-1பி விசாவில் இருப்பவர் நேரடியாக அமெரிக்கக் குடியுரிமை கேட்க முடியாது. முதலில் கிரீன் கார்டு, பொதுவாக அதன் பிறகு ஐந்து ஆண்டுகள். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீளம். இங்கே ‘பிறந்த நாடு’தான் கணக்கு. பாஸ்போர்ட்டை மாற்றினாலும் அந்த வரிசை மாறாது.

ஆக, இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தொட்டவர்கள். அவர்களின் பெற்றோருக்கு எழுபது ஆகியிருக்கும். கணக்கின் மையமே அதுதான்.

என்ன கிடைக்கும்?

முதல் லாபம், இருப்புக்கு உறுதி. கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடு கடத்த முடியும். குடிமகனை அப்படி அனுப்ப முடியாது. 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று ஒரே நாளில் அறிவிப்பு வந்ததைப் பார்த்த பிறகு, ‘விசா விதி எப்ப வேணா மாறும்’ என்ற பயம் பலருக்கு நிஜமாகிவிட்டது.

இரண்டாவது லாபம், பலரும் எதிர்பார்க்காதது: ஊருக்கு வந்து தங்கும் சுதந்திரம். கிரீன் கார்டுக்காரர் முன் அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் கார்டே கேள்விக்குறியாகும். குடிமகனுக்கு அந்தக் கெடு இல்லை. உதாரணமாக, சேலையூரில் அப்பாவுக்கு பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை என்று வைத்துக்கொள்வோம். கிரீன் கார்டோடு வந்த மகன் மாதங்களை எண்ண வேண்டும். அமெரிக்கக் குடிமகனாகி ஓசிஐ கார்டோடு வந்த மகன் எண்ண வேண்டாம். ‘நாட்டை விட்டுட்டான்’ என்று பேசப்படுகிறவர்களில் சிலர், ஊருக்கு நிம்மதியாக வந்து போவதற்காகவே குடியுரிமையை மாற்றியவர்கள்.

மூன்றாவது, பெற்றோரை அழைத்துக்கொள்வது. 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகன் தன் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கலாம். அதற்கு எண்ணிக்கை உச்சவரம்பு கிடையாது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த உரிமையே இல்லை.

நான்காவது, பயணம். இந்திய பாஸ்போர்ட்டில் முன்கூட்டியே விசா எடுக்காமல் போகக்கூடிய நாடுகள் 60-ஐ ஒட்டி இருக்கின்றன. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் அது 190-க்கும் மேல். அடிக்கடி வெளிநாடு போகும் வேலையில் இருப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

சிங்கப்பூரில் கணக்கு சற்று வேறு. புதிய எச்டிபி வீட்டை நேரடியாக வாங்க, வாங்கும் குடும்பத்தில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். பி.ஆர். தம்பதிக்கு மறுவிற்பனை வீடுதான். அதற்கும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் பி.ஆர். ஒருவர் நிரந்தரமாக ஊர் திரும்பும்போது தன் சிபிஎஃப் சேமிப்பை முழுவதுமாக எடுத்துக்கொள்ளலாம். குடிமகனாகிவிட்டால் அப்படி எடுக்க முடியாது. மகன் இருந்தால் இரண்டாண்டு தேசிய சேவையும் கணக்கில் வரும். பெற்றோர் வழியாக பி.ஆர். பெற்ற மகனுக்கும் அந்தக் கடமை உண்டு.

ஓசிஐ கார்டு இருக்கே, அப்புறம் என்ன?

‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’ என்ற பெயரில் ‘சிட்டிசன்’ என்ற சொல் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். இது குடியுரிமை இல்லை. வாழ்நாள் விசா என்று எடுத்துக்கொள்வதே சரி.

எல்.எம்.சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழு இரட்டைக் குடியுரிமையைப் பரிந்துரைத்தது. ஆனால் 2003 திருத்தத்தின் வழியாகத் தொடங்கி, 2005-ல் நடைமுறைக்கு வந்தது இந்த ஓசிஐ ஏற்பாடுதான். வெளிநாட்டில் விண்ணப்பித்தால் 275 டாலர், இந்தியாவில் விண்ணப்பித்தால் 15,000 ரூபாய்.

கொடுப்பது நிறைய: எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஓஎம்ஆர் கம்பெனியில் வேலை பார்க்கலாம், பெருங்களத்தூரில் ஃபிளாட் வாங்கலாம்.

கொடுக்காததும் உண்டு: ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, பொதுவாக அரசுப் பணி கிடையாது. 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம், மலையேற்றம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

கார்டை அரசு ரத்து செய்யவும் முடியும். இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றாலோ, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலோ ரத்து செய்யலாம் என்று 2025 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. குற்றம் நிரூபணமாக வேண்டும் என்றுகூட இல்லை, குற்றப்பத்திரிகையே போதும். ஸ்வீடனில் பேராசிரியராக இருக்கும் அசோக் ஸ்வைனின் ஓசிஐ கார்டு 2022-ல் ரத்தானது. உரிய காரணம் சொல்லப்படவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிமன்றப் பாதுகாப்பு இருக்கிறது என்பது நல்ல செய்தி. ஊருக்கு வர நீதிமன்றம் போக வேண்டியிருக்கலாம் என்பது மறுபக்கம்.

2020 காட்டிய வித்தியாசம்

சாதாரண நாள்களில் குடிமகனுக்கும் ஓசிஐ கார்டுக்காரருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அசாதாரண நாள் ஒன்று வந்தபோது தெரிந்தது.

2020 மார்ச் 13 முதல் ஓசிஐ கார்டின் விசா இல்லாப் பயண வசதியை அரசு நிறுத்திவைத்தது. மே 7-ம் தேதி ‘வந்தே பாரத்’ விமானங்கள் கிளம்பியபோது அவை இந்தியக் குடிமக்களுக்காகத்தான். தாய் தந்தை இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தும், அங்கே பிறந்த கைக்குழந்தையிடம் ஓசிஐ கார்டு இருந்ததால் ஏற முடியாத குடும்பங்கள் இருந்தன. மே 22-ல்தான் குடும்பத்தில் மரணம் போன்ற அவசரங்களுக்கும், இந்தியப் பெற்றோரின் சிறு குழந்தைகளுக்கும் என்று சில பிரிவினருக்கு விலக்கு கிடைத்தது.

இடைப்பட்ட வாரங்களில் அம்மாவின் இறுதிச் சடங்கை செல்போனில் பார்க்க நேர்ந்தவர்களுக்கு, அந்த விலக்கு தாமதமாக வந்த விலக்குதான்.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. குடிமகன் நாட்டுக்குள் வருவது உரிமை. ஓசிஐ கார்டுக்காரர் வருவது அனுமதி. அனுமதி தாராளமாக இருக்கலாம், பல ஆண்டுகள் தடையில்லாமல் இருக்கலாம். ஆனால் கொடுத்தவர் ஒரு அறிவிக்கையில் நிறுத்திவைக்கக்கூடியது அது.

இதே நியாயம் மறுபக்கமும் பொருந்தும். கிரீன் கார்டோடு அமெரிக்காவில் வாழ்பவருக்கு அங்கே வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அனுமதியில் நிற்கின்றன. ஆக, குடியுரிமை மாற்றம் என்பது எந்த ஊர்க் கதவை உரிமையாக வைத்துக்கொள்வது, எந்த ஊர்க் கதவை அனுமதிக்கு விடுவது என்ற தேர்வு. இந்தியச் சட்டப்படி இரண்டு கதவுக்கும் உரிமைச் சாவி கிடைக்காது.

பிள்ளைகளின் கணக்கு தனி

‘கொஞ்ச வருஷம் கழிச்சு திரும்பி வந்துடலாம், பிள்ளை இங்க மெடிக்கல் படிக்கட்டும்’ என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 2021 அறிவிக்கையின்படி, ஓசிஐ மாணவர்கள் நீட், ஜேஇஇ எழுதலாம். ஆனால் என்ஆர்ஐ இடங்களுக்குத்தான் போட்டியிடலாம், இந்தியக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய இடங்களுக்கு முடியாது. 2021 மார்ச் 4-க்கு முன்பே ஓசிஐ கார்டு பெற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு கார்டு வாங்கியவர்களுக்குப் பொருந்தும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டணத்துக்கும் என்ஆர்ஐ இடத்தின் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளி, குடும்பத்தின் மொத்தத் திட்டத்தையும் மாற்றிவிடும்.

இன்னொரு விஷயம், ‘பெரியவனானதும் அவனே முடிவு பண்ணிக்கட்டும்’ என்ற நம்பிக்கை. பிரிவு 8-ன்படி பெற்றோர் குடியுரிமையைக் கைவிட்டதால் தன் குடியுரிமையை இழந்த மைனர் பிள்ளை, 18 வயது நிரம்பிய ஓராண்டுக்குள் அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தப் பிரிவின் எல்லை குறுகலானது.

சிங்கப்பூரில் 1999-ல் பிறந்த ஓர் இளைஞரின் வழக்கு இதைத் தெளிவாக்கியது. அவர் கருவில் இருந்தபோதே பெற்றோர் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்டார்கள். வளர்ந்த பின் இந்தியக் குடியுரிமையை அவர் திரும்பக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெற்றோர் பிரிவு 8-ன்படி அறிவித்துக் கைவிடவில்லை, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் பிரிவு 9-ன்படி தானாகவே இழந்தார்கள். எனவே பிள்ளைக்கு பிரிவு 8-ன் சலுகை கிடைக்காது என்பது தீர்ப்பின் சாரம். குடியுரிமையை இழக்கிறவர்களில் பெரும்பாலோர் பிரிவு 9 வழியாகத்தான் இழக்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டு போனால் என்ன?

‘அமெரிக்காவுல இருந்துக்கிட்டு இங்க யாருக்கு ஓட்டு போடப் போறோம்?’ என்பார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ மூலம் வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஆனால் ஓட்டுப்போட, பாஸ்போர்ட்டோடு நேரில் வாக்குச்சாவடிக்கு வர வேண்டும். அதனால் பலர் பயன்படுத்துவதில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இதன் எடை தெரியும். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 அடையாறு வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். ஓய்வுக்குப் பின் இங்கே வந்து குடியேறும் ஓசிஐ கார்டுக்காரர் சொத்து வரி கட்டுவார், குடிநீர் வரி கட்டுவார். மழைநீர் வடிகால் பற்றி முடிவெடுக்கும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவருக்கு ஓட்டு இருக்காது. பத்து, இருபது வருஷம் இங்கே வாழ்ந்தாலும் அதே நிலைதான்.

நிலம், வரி: இரண்டு தவறான நம்பிக்கைகள்

‘சிட்டிசன்ஷிப் போனா ஊர்ல இருக்கிற வீடு, நிலம் போயிடும்.’ தவறு. ஏற்கெனவே உள்ள சொத்து அப்படியே இருக்கும், வாரிசாகவும் வரும். புதிதாக வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடுதான் வாங்க முடியாது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகனுக்கும் இந்தத் தடை உண்டு. வித்தியாசம் என்னவென்றால், குடிமகன் நிரந்தரமாகத் திரும்பி வந்துவிட்டால் அந்தத் தடை விலகும். மதுராந்தகம், திருப்போரூர் பக்கம் ‘பண்ணை நிலம்’ விளம்பரத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அது பத்திரத்தில் விவசாய நிலமா, மனையா என்று பார்ப்பது அவசியம்.

‘சிட்டிசன்ஷிப்பை விட்டா இந்திய வரி இல்லை.’ இதுவும் தவறு. இந்திய வருமான வரி பெரும்பாலும் ஒருவர் எந்த நாட்டவர் என்பதைப் பார்ப்பதில்லை, ஆண்டில் எத்தனை நாள் இங்கே இருந்தார் என்பதைத்தான் பார்க்கிறது. 182 நாள் என்பது பொதுவான அளவு. தாம்பரம் வீட்டு வாடகைக்கு யாராக இருந்தாலும் இங்கே வரி உண்டு.

உண்மையில் வரிச் சுமை கூடுவது மறுபக்கத்தில். அமெரிக்கா தன் குடிமக்களை அவர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வரிக் கணக்கு கேட்கும். ரிட்டயராகி மாடம்பாக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருந்தால் அமெரிக்க வரி விதிகள் இன்னும் சிக்கலாகும்.

முடிவெடுத்துவிட்டால் வரிசை முக்கியம்

புதிய நாட்டுக் குடியுரிமை வந்ததும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சர்டிபிகேட் வாங்க வேண்டும். அதை வைத்துத்தான் ஓசிஐ விண்ணப்பம். இடைப்பட்ட காலத்தில் ஊரில் அவசரம் என்றால் புதிய பாஸ்போர்ட்டில் இ-விசா எடுத்துத்தான் வர வேண்டும். பழைய இந்திய பாஸ்போர்ட்டில் வருவது குற்றம். அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி பக்கத்தில் இருந்தால், உறுதிமொழி நாளைத் தள்ளிப்போட முடியுமா என்று யோசிப்பது புத்திசாலித்தனம்.

‘லீவுக்கு வரும்போது தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே பழைய பாஸ்போர்ட்டை ரினியூ பண்ணி ரெண்டையும் வச்சுக்கலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். வேறு நாட்டுக் குடிமகன் என்பதை மறைத்து இந்திய பாஸ்போர்ட் வாங்கினால் பாஸ்போர்ட் சட்டத்தில் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும், 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

வாக்காளர் பட்டியலில் இருந்து பெயரை நீக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்.

மனம் மாறினால் திரும்ப வாங்கலாமா?

வழி இருக்கிறது. ஓசிஐ கார்டு பெற்று ஐந்தாண்டு ஆகி, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் இந்தியாவில் வசித்தவர், பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். கனடா குடியுரிமை வைத்திருந்த நடிகர் அக்‌ஷய் குமார், இந்தியக் குடியுரிமை கிடைத்துவிட்டதாக 2023 ஆகஸ்ட் 15-ல் அறிவித்தார். ஆனால் இதுவும் அரசு பரிசீலித்துக் கொடுப்பதுதான். அதோடு, 20 வருஷம் உழைத்துப் பெற்ற மற்ற நாட்டுக் குடியுரிமையை அப்போது விட வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும்?

பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, வேலையும் வீடும் அங்கேதான் என்று உறுதியானவர்களுக்கு மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. பெற்றோரை அங்கே அழைத்துக்கொள்ளவோ, இங்கே வந்து நீண்ட நாள் கூட இருக்கவோ அது உதவும்.

ஐந்து, பத்து வருஷத்தில் திரும்பிவிடும் எண்ணம் இருந்தால், பிள்ளையை இங்கே கல்லூரியில் சேர்க்கும் திட்டம் இருந்தால், அரசுப் பணியோ பொது வாழ்க்கையோ மனதில் இருந்தால், அவசரப்பட வேண்டாம். கிரீன் கார்டையோ பி.ஆர். அந்தஸ்தையோ பிற்பாடு விட்டுவிட்டு வருவது, குடியுரிமையை மீட்பதைவிட எளிது.

கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் மாறுவதும் ஒரு வழி. சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. குடும்பத்தில் ஒருவரிடமாவது இந்தக் கதவின் உரிமைச் சாவி இருக்கும். அப்படிச் செய்வதாக இருந்தால், அவசரத்துக்கு இங்கே ஓடிவர வேண்டிய வயதான பெற்றோர் யாருடையவர்கள் என்பதைத்தான் முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.